அவர் நிறுத்திய ஒரே சரக்கு

அவர் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தால் சத்தம் வராது. முதலில் சுண்டுவிரல் பெஞ்சில் படும். அதன்மேல் கிளாஸை இறக்கிவிட்டு, விரலை மெதுவாக உருவிக்கொள்வார். கம்பெனிக்கு எதிரே இருந்த அந்த டீக்கடையில் மற்ற எல்லாரும் டொக்கென்று வைத்துவிட்டுப் போகிறவர்கள். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிறவனுக்கு டொக்கென்று வைத்தால்தான் வைத்தது மாதிரி இருக்கும்.

"எதுக்கு அண்ணாச்சி விரலை நசுக்குதீக?" என்று டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"தண்ணிக்குள்ள சத்தம் ரொம்ப தூரம் போகும்" என்றார் அவர்.

அங்கே தண்ணீர் என்று இருந்தது கிளாஸ் கழுவுகிற வாளி ஒன்றுதான். டீக்கடைக்காரர் வாளியை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைக் கவனித்தார்.

நாங்கள் வேலை பார்த்தது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில். முன்பக்கம் தறிகள். பின்பக்கம் துணியை வெட்டிச் சுருட்டிக் கட்டுகிற ரோலிங் செக்சன். அதை ஒட்டி குடோன். நான் குடோனில் பெட்டி கட்டி லாரியில் ஏற்றுகிறவன். என் மனைவி மாரி ரோலிங்கில் இருந்தாள். அவர் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நோட்டில் எழுதுகிறவர். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் நேவியில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடலைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அங்கே அவருக்கு வேலையாம். எல்லாரும் நேவி அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். மம்சாபுரம் வழியாக வருகிற பஸ்ஸில் அவர் முதலிலேயே உட்கார்ந்திருப்பார். நானும் மாரியும் மம்சாபுரத்தில் ஏறுவோம். நான் அதிகம் பேசாதவன். அவரும் பேசாதவர். அதனால் எங்களுக்குள் நல்ல பழக்கம்.

அவருக்கு அந்த வேலை கிடைத்ததே சத்தம் இல்லாததால்தான். முதலாளி ஆபீஸ் வாசலில் ஒரு வெள்ளை நாய் வளர்த்தார். ராஜபாளையம் ஜாதி. மூன்றாவது வீட்டில் யாராவது தும்மினாலும் எழுந்து நிற்கும். முதலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது இவர் வேலை கேட்டு உள்ளே வந்து, நாயைத் தாண்டி, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். முதலாளி பக்கத்தைத் திருப்பும்போதுதான் ஆள் நிற்பதைப் பார்த்தார். நாய் படுத்திருந்தது.

"எப்ப வந்தீக?"

"நீங்க இந்தப் பக்கம் படிக்க ஆரம்பிக்கும்போது."

முதலாளி நாயைப் பார்த்தார். நாய் அப்போதுதான் இவரைப் பார்த்தது. வெட்கப்பட்ட மாதிரி ஒரு குரைப்புக் குரைத்தது.

"நாளைல இருந்து கேட்டுல இருங்க" என்றார் முதலாளி. "இதுக்குச் சோறு போட்டது வேஸ்ட்டு."

கேட்டில் உட்கார்ந்த முதல் வாரமே மேனேஜரிடம் போய், "நாலாவது வரிசைல ஒரு தறி நொண்டுது" என்றார். மேனேஜர் சிரித்தார். அன்று சாயங்காலம் நாலாவது வரிசையில் ஒரு தறி உடைந்து நின்றது. இன்னொரு நாள் இரண்டாவது வரிசை என்றார். மேனேஜர் சிரிக்காமல் ஃபிட்டரை அனுப்பினார். சரக்குக் கப்பலைத் தண்ணீருக்குள் தள்ளுகிற விசிறி பெரியது, மெதுவாகச் சுற்றும் என்றும், அதன் சத்தத்தை வைத்தே கப்பல் நிறையச் சரக்கோடு போகிறதா காலியாகத் திரும்புகிறதா என்று சொல்லிவிடலாம் என்றும் ஒருமுறை என்னிடம் சொன்னார். "தறியும் அப்படித்தான். ஆனா தறி எங்கயும் போகாது. அதனால சுலபம்."

பெண்களுக்கு அவர்மேல் கொஞ்சம் பயம் இருந்தது. ரப்பர் செருப்பு, நடக்கிற சத்தமே கேட்காது. திரும்பினால் நிற்பார். "ஒரு செருமலாவது செருமிட்டு வாங்களேன் அண்ணாச்சி" என்பாள் மாரி. அவர் சரி என்பார். செருமுவார். அந்தச் செருமலும் கேட்காது.

அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. எதைப் பார்த்தாலும் கேட்பார்: "இதுக்குக் கழுத்து எங்க இருக்கு?"

கூட வேலை பார்த்த ஒருவரின் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். எல்லாரும் முதல் பந்திக்கு முண்டியடித்தபோது அவர் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சமையல்கட்டிலிருந்து பந்திக்கு வருகிற சந்தில், வாளிகள் திரும்புகிற இடத்துக்கு நேரே இருந்த இலையில் என்னையும் இழுத்து உட்காரவைத்தார். அந்த வழியாக வராமல் ஒரு வாளியும் எந்த வரிசைக்கும் போக முடியாது. எங்களுக்கு இரண்டு தடவை பாயாசம் வந்தபோது எதிர்வரிசையில் ரசமே வரவில்லை.

"இந்தச் சந்துதான் கழுத்து" என்றார். "இதுல ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்தாப் போதும். முந்நூறு பேர் பட்டினி."

அவர் காலை மடக்கித்தான் உட்கார்ந்திருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கழுத்து எது என்று என்னிடம் கேட்டார். நான் பால் என்றேன். இல்லை என்றார். சீனி என்றேன். "பாலும் சீனியும் இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு வேற ஊர்ல இருந்து வரும். விறகு நனைஞ்சு போச்சுன்னா? அடுப்பு எரியாம எம்புட்டுப் பால் இருந்து என்ன?" என்றார். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் பால்கோவாக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் விறகுக்கு மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறார்களா என்று எனக்குப் பார்க்கத் தோன்றும்.

ஒரு வருஷம் எங்கள் குடோனில் பெட்டிகள் கூரைவரைக்கும் அடுக்கிக் கிடந்தன. தூத்துக்குடியில் கப்பல் இல்லை என்றார்கள். எங்கேயோ ஒரு கடலில் யாரோ கப்பல்களைச் சுடுகிறார்களாம். அதனால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றனவாம். எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. டீக்கடையில் இதே பேச்சு.

"எங்கயோ ஒருத்தன் சுட்டா ராஜபாளையத்துல எனக்கு ஏன்யா வேலை இல்ல?" என்றான் தறி ஓட்டுகிற ஒருவன்.

அன்றைக்குத்தான் அவர் நிறையப் பேசிப் பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை. எல்லாரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"சண்டையில சப்மரீன் எதுக்குன்னு நினைக்கீக? எதிரியோட சண்டைக் கப்பலை அடிக்கன்னுதான எல்லாரும் சொல்லுவீக. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவனோட சரக்கு. எண்ணெய், கோதுமை, இரும்பு. அது வரலைன்னா அவன் பீரங்கியை வச்சுக்கிட்டு என்ன செய்ய? ஆனா எல்லாச் சரக்குக் கப்பலையும் முக்க முடியாது. முக்கவும் வேண்டாம். தண்ணிக்குள்ள ஒண்ணு கெடக்குன்னு தெரிஞ்சாப் போதும்."

"தெரிஞ்சா அடிச்சிர மாட்டானா?"

"கெடக்குன்னு தெரியணும். எங்க கெடக்குன்னு தெரியக்கூடாது. டவுன் பஸ்ல செக்கிங் ஏறுதாகன்னு ஒரு பேச்சு வந்தா அன்னைக்கு எல்லாவனும் டிக்கெட் எடுக்கான்ல? செக்கர் வீட்டுல படுத்திருப்பான். அது மாதிரி. இன்சூரன்ஸ்காரன் கூடுதலாப் பணம் கேப்பான். மாலுமி வர மாட்டேம்பான். சுத்திப் போற வழில போவான். கூட்டமாச் சேர்ந்துதான் போகணும்னு துறைமுகத்துலயே பத்து நாள் நிப்பான். கூட்டத்துல நொண்டிக் கப்பல் எம்புட்டு வேகம் போகுமோ அம்புட்டுதான் எல்லாருக்கும்."

"எங்க அத்தையோட கோயிலுக்குப் போற மாதிரி" என்றான் தறிக்காரன்.

"அதேதான்" என்றார் அவர், சிரிக்காமல். "உங்க அத்தை நடக்கற வேகந்தான் அந்த நாட்டுக்குக் கோதுமை வர்ற வேகம். ஒரு சப்மரீன் கிளம்பிருச்சுன்னு சேதி போனா அன்னைக்கு ஒருத்தன் அதைப் பத்து இடத்துல பார்த்ததாச் சொல்லுவான். மிதக்கற கட்டையெல்லாம் பெரிஸ்கோப்புதான்."

"நீங்க எத்தனை கப்பலை நிறுத்தியிருக்கீக அண்ணாச்சி?"

அவர் கிளாஸை விரல்மேல் வைத்து இறக்கினார். "ஒண்ணுகூட இல்ல. நான் இருந்த காலத்துல சண்டையே வரல."

பதினைந்து வருஷம் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு ஒருநாளும் செய்யாதவர் என்று அன்று தறிக்காரர்கள் அவரைக் கொஞ்சம் கேலி செய்தார்கள். அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு மட்டும் ஒன்று சொன்னார். பயிற்சிக்காக ஒரு சரக்குக் கப்பலின் பின்னாலேயே போனார்களாம். அதைச் சுட்ட மாதிரி எல்லாக் கணக்கும் போட்டு, மூழ்கியது என்று நோட்டிலும் எழுதியாயிற்று. பிறகு கேப்டன் இவரைக் கூப்பிட்டு பெரிஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அதுவரை காதால் மட்டுமே கப்பல்களை அறிந்தவர். அந்தக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு ஆள் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தானாம்.

"நோட்டுப்படி அவன் செத்துட்டான். அவன் பாட்டுக்கு உரிச்சுக்கிட்டு இருந்தான்" என்றார்.

கப்பல்கள் மறுபடி ஓரளவு வரத் தொடங்கிய சமயம். ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். நான் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். கேட்டில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று தலையைச் சாய்த்தார். பிறகு நடந்தார். ஓடவில்லை. தறி வரிசைகளுக்கு நடுவே நேராகப் பின்பக்கம் போய் ரோலிங் செக்சன் கதவின் தாழ்ப்பாளை இழுத்தார்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியே இருந்தது. பெண்கள் போன் பேச வெளியே வந்துவிடுகிறார்கள், கதவு திறந்து கிடந்தால் தூசி ஏறுகிறது என்று முதலாளி வைத்த ஏற்பாடு. ஷிஃப்ட் தொடங்கியதும் மேனேஜர் போடுவார், சாப்பாட்டுக்குத் திறப்பார். கதவு திறந்ததும் புகை வந்தது. பிறகு பெண்கள் வந்தார்கள். ஃபேன் மோட்டார் கருகி, அடியில் கிடந்த பஞ்சில் தீப்பிடித்திருக்கிறது. ஒருத்தி மயங்கி விழுந்தாள். மற்றவர்கள் இருமிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். மாரியின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதன் பிடியால் அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். பத்தடி தள்ளி நின்ற தறிக்காரனுக்குக் கேட்கவில்லை. குடோனில் நின்ற எனக்கும் கேட்கவில்லை. கேட்டில் இருந்தவருக்குக் கேட்டிருக்கிறது.

தீயை மண்ணைப் போட்டு அணைத்த பிறகு அவர் மாரியிடம் கேட்டார்: "மத்தவக எல்லாம் படபடன்னு அடிச்சிருப்பாக. அது தறியோட கலந்திரும். நீ விட்டு விட்டு அடிச்ச. யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லல அண்ணாச்சி. கை வலிச்சுது. அதான் விட்டு விட்டு அடிச்சேன்."

அன்று வீட்டில் மாரி சாப்பிடவில்லை. நாளைக்குப் போக வேண்டாம் என்றேன். "நான் போகலைன்னா இன்னொருத்தி அந்த இடத்துல உட்காருவா. அவ எப்படித் தட்டுவாளோ" என்றாள். மறுநாள் போனாள். ஃபேன் புதிதாக மாட்டியிருந்தது. தாழ்ப்பாள் பழையபடி வெளியே இருந்தது. மேனேஜர் அதைப் போட்டார்.

நேவி அண்ணாச்சி முதலாளியிடம் போனார். நான் குடோன் வாசலில் நின்று பார்த்தேன்.

"ஐயா, அந்தத் தாப்பாளை உள்பக்கம் மாத்திரலாம்."

"உள்ள போட்டா அவளுக நினைச்சப்ப திறப்பாளுக."

"ஆமா."

"பொறவு எதுக்குத் தாப்பாள்?"

"சப்மரீன்ல நாங்க மாசக்கணக்கா அடைஞ்சு கெடப்போம். மூடியை உள்ள இருக்கவந்தான் திறப்பான்."

"இது சப்மரீன் இல்ல" என்றார் முதலாளி. "உங்க வேலை கேட்டுல."

அவர் சரி என்று சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளியைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறவர்தான். துணியில் தூசி இருந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தில் மற்ற பயங்களுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

அந்த வாரம் டீக்கடையில் நேவி அண்ணாச்சி என்னிடம் கேட்டார்: "தம்பி, நம்ம கம்பெனிக்குக் கழுத்து எது?"

கரண்டு என்றேன். நூல் என்றேன். முதலாளி என்றேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு தன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

கன்டெய்னரை நிரப்பிக் கதவை மூடியதும் அதில் ஒரு சீல் போட வேண்டும். விரல் நீளத்தில் ஆணி மாதிரி இருக்கும். அழுத்திப் பூட்டினால் பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு சீலுக்கும் ஒரு நம்பர். அதை முந்தின நாளே கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வேறு சீலோடு போனால் பேப்பரெல்லாம் புதிதாகப் போட வேண்டும், அதற்குள் கப்பலுக்குச் சரக்கு எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். முன்பு ஒருதடவை சீல் தொலைந்து பெரிய ரகளையாகி, "இனி இது நேவிக்காரர் பையை விட்டு வெளிய வரக்கூடாது" என்று முதலாளியே உத்தரவு போட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை கன்டெய்னர் வருது" என்றார். "மூணு மணிக்கு நீ முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். தாப்பாளைக் கழட்டினா சீல் வரும். அம்புட்டுதான்."

"நானா?"

"யாராவது சொல்லணும்லா. கெடக்குன்னு தெரியலைன்னா சப்மரீனால ஒரு பிரயோசனமும் இல்ல."

"நான் பேச மாட்டேனே அண்ணாச்சி."

"அதான் உன்னைச் சொல்லுதேன். பேசுறவன் சொன்னா பேச்சு. நீ சொன்னா சேதி."

"வேலை போயிருமே."

"போகலாம்" என்றார். பொய் சொல்லவில்லை. "அவ தட்டினது உனக்குக் கேக்கலைல்லா?"

நான் சுண்டுவிரலைப் பெஞ்சில் வைத்து அதன்மேல் கிளாஸை இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் பெட்டியெல்லாம் ஏற்றி முடித்தோம். சாப்பிட்டுவிட்டு வந்து கதவை மூடிக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். சாப்பாடு முடிந்து பெண்கள் கூட்டமாக ரோலிங் செக்சனுக்குள் போனார்கள். மேனேஜர் போனில் பேசிக்கொண்டே தாழ்ப்பாளைப் போட்டார். இரண்டு மணிக்கு சீல் போட ஆளைத் தேடினால் நாற்காலி காலியாக இருந்தது. நோட்டு இருந்தது. பேனா அதன்மேல் நேராக வைக்கப்பட்டிருந்தது. நாய் படுத்திருந்தது.

போன் அடித்தார்கள். அவர் வேலை நேரத்தில் போனை அணைத்துவிடுவார். மேனேஜர் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். அறை பூட்டியிருந்தது. அதற்குள் இங்கே ஒருவன் அவரைப் பிளவக்கல் அணைக்குப் போகிற பஸ்ஸில் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவன் கோர்ட்டு வாசலில் பார்த்தேன், கையில் பேப்பர் வைத்திருந்தார் என்றான். கோர்ட்டு என்றதும் முதலாளிக்கு வேர்த்தது. எதிரே இருந்த டீக்கடைக்காரர் அவர் வெளியே வரவே இல்லை என்று சொன்னதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கழிப்பறை, குடோன், ஆபீஸ் மாடி எல்லாம் பார்த்தார்கள். ரோலிங் செக்சனை மட்டும் பார்க்கவில்லை. அதுதான் வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்ததே.

கன்டெய்னர் டிரைவர் தூத்துக்குடிக்காரர். ஸ்டியரிங்கில் காலைப் போட்டுப் படுத்திருந்தார். "நாலு மணிக்குள்ள எடுத்தாத்தான் துறைமுகக் கேட்டைப் பிடிக்க முடியும் முதலாளி. அடுத்த கப்பல் எப்பன்னு அந்தக் கப்பலுக்கே தெரியாது" என்றார்.

மூன்று மணி ஆயிற்று. நான் இரண்டு தடவை கைகழுவிவிட்டு வந்தேன். முதலாளி தறி ஷெட் வாசலில் நின்றார். அவருக்கு முன்னால் போய் நின்று சொன்னேன்.

"என்ன?" என்றார். தறிச் சத்தம்.

மறுபடி சொன்னேன்.

"ஏலே, சத்தமாச் சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. முதலாளி எரிச்சலோடு உள்ளே பார்த்துக் கையை ஆட்டினார். "தறியை நிறுத்துங்கலே, இவன் என்னமோ சொல்லுதான்."

மெயின் சுவிட்சை இறக்கினார்கள். எல்லாத் தறியும் நின்றன. அந்த ஷெட்டில் பகலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று மூச்சை இழுத்து வைத்திருந்தேன். அதை நிறுத்தத் தெரியவில்லை.

"அந்தத் தாப்பாளைக் கழட்டினா சீல் வரும்" என்று கத்தினேன்.

நாய் எழுந்து குரைத்தது.

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு சொல்லச் சொன்னா?"

அவர் பெயரைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "நான் சொல்லுதேன்" என்று வந்தது. பிறகு, "என் வீட்டுக்காரி உள்ள இருக்கா" என்றேன்.

அந்த நேரம் ரோலிங் செக்சன் கதவில் உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. கத்தரிக்கோல் பிடி. தறி ஓடாததால் எல்லாருக்கும் கேட்டது. முதலாளி அந்தப் பக்கம் திரும்பினார். தட்டு நிற்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். முதலாளி ஃபிட்டரைக் கூப்பிட்டார்.

திருகாணிகள்மேல் பெயின்ட் ஏறி இறுகிப்போயிருந்தன. ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. ரம்பத்தால் அறுத்தார்கள். அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை தட்டுச் சத்தமும் ரம்பச் சத்தமும் மாறிமாறி வந்தன. தாழ்ப்பாள் கீழே விழுந்ததும் கதவு உள்ளேயிருந்து திறந்தது. முதலில் மாரி வந்தாள். அவள் பின்னால் பெண்கள். கடைசியாக அவர், தலையிலும் மீசையிலும் பஞ்சோடு, துணி அடுக்குக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "இவரை உள்ள வச்சுப் பூட்டினது யாரு?"

"நான்தான்" என்றார் மேனேஜர்.

அண்ணாச்சி நேராகக் கன்டெய்னருக்குப் போனார். கதவைச் சாத்தி, பையிலிருந்து சீலை எடுத்து, நம்பரை இரண்டு தடவை சரிபார்த்துப் பூட்டி, நோட்டில் நேரத்தை எழுதினார். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. லாரி போன பிறகு முதலாளி, "நாளைல இருந்து நீங்க வர வேண்டாம்" என்றார்.

"சரி" என்றார் அவர். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். என்னை முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசியதை அவர் இன்னும் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் மாரி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். அவர் மீசையிலிருந்து பஞ்சை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே வந்தார்.

"பதினஞ்சு வருஷம் படிச்சது" என்றார். "கடைசில நான் நிறுத்தின ஒரே சரக்கு, காயத்துக்குக் கட்டுற துணி."

"நிறுத்தலையே அண்ணாச்சி. தாமதந்தான."

பஞ்சு உருட்டுவதை நிறுத்தினார். "கப்பலைப் பிடிச்சிரும்ல?"

"பிடிச்சிரும்" என்றேன். எனக்குத் தெரியாது. அவர் மறுபடியும் ஒரு தடவை கேட்டார்.

மறுநாள் காலை மேனேஜர் போனில் செய்தி வந்திருந்தது. கன்டெய்னர் நேரத்துக்கு உள்ளே போய், கப்பலிலும் ஏறிவிட்டது. அதைச் சொல்ல அவருக்குப் போன் போட்டேன். அணைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போனேன். மாடி அறை திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. "எப்பக் காலி பண்ணினாகன்னே தெரியல. படியில இறங்கின சத்தமே கேக்கல" என்றார் வீட்டுக்காரர். கப்பல் ஏறிவிட்டது என்ற சேதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அந்தக் கதவுக்கு மறுபடி தாழ்ப்பாள் வைக்கவில்லை. அறுத்த இடத்தில் நாலு திருகாணிகளின் அடி மட்டும் மிச்சம் இருக்கிறது. முதலாளி ஃபிட்டரிடம் இரண்டு தடவை அதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, கேட்டுப் பக்கம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கேட்டில் இப்போது வேறு ஆள். சத்தமாக நடக்கிறவர்.

கன்டெய்னர் வருகிற நாட்களில் மேனேஜர் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரோலிங் செக்சனுக்குள் ஒரு தடவை போவார். மாரி பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். துணி அடுக்குகளுக்குப் பின்னால் குனிந்து, ஒவ்வொரு சந்தாக எட்டிப் பார்ப்பார்.

"என்ன சார் தேடுதீக?" என்பாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்பார். வெளியே வந்து, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போவார்.